பற்று: ஒரு சொல்லும் ஒரு நிலப்பிரிவும்

ஒரு சமுதாயத்தின் வரலாறு சாசனங்களிலும் ஏடுகளிலும் மட்டுமன்றி, அச்சமுதாயம் நாள்தோறும் வழங்கும் சொற்களிலும் பொதிந்து கிடக்கின்றது. கையாற் பிடித்தலைக் குறிக்கும் ‘ஹோல்ட்’ என்னும் ஆங்கிலச் சொல் இதற்கு ஏற்ற எடுத்துக்காட்டாகும். ‘ஃப்ரீஹோல்ட்’, ‘லீஸ்ஹோல்ட்’ முதலிய நிலவுரிமைச் சொற்கள் அதனடியாகவே பிறந்தன. குத்தகையாளனைக் குறிக்கும் ‘டெனன்ட்’ என்பதும், பிடித்தலைக் குறிக்கும் இலத்தீன் வினையொன்றிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்ததே. தமிழில் இதற்கு நிகராக நிற்பது ‘பற்று’ என்னும் சொல்லாகும். அச்சொல் ஈழத்திலே பெற்ற வரலாற்றுப் பொருளை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண் இதன் அன்றாட வழக்குகளை நோக்குவோம். வெள்ளவத்தையில், காலி வீதிக் கடையொன்றிலே பணம் செலுத்துபவர் பெறுவது பற்றுச்சீட்டு. தமிழகத்தார் பெரிதும் ‘ரசீது’ என வழங்குவதை நாம் இவ்வாறு வழங்குகின்றோம். கொட்டாஞ்சேனைக்கு அண்மையிலுள்ள செட்டியார் தெருவில் வட்டித்தொழில் நடத்திய நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் பேரேடுகளிலே, பற்று என்பது வரவுக்கு எதிரானது. வீக்கத்தின் மேல் வைத்தியர் இடுவது பற்று. பொன்னோடு பொன்னை இணைக்கத் தட்டார் பயன்படுத்துவது பற்றாசு. விறகிலே தீயும் பற்றுகின்றது. மொழிப்பற்று, நாட்டுப்பற்று என உள்ளத்தின் பிடிப்பும் இச்சொல்லாலேயே உணர்த்தப்படுகின்றது.

மெய்யியலாளர் இச்சொல்லை ஐயத்தோடு நோக்கினர். திருக்குறளின் 35ஆம் அதிகாரமாகிய துறவு, பற்றை விடுதலையே பொருளாகக் கொண்டது. எனினும், பற்றை விடுதற்கும் பற்றற்ற ஒருவனைப் பற்றவேண்டும் என்றே வள்ளுவர் அவ்வதிகாரத்தை முடிக்கின்றார். பௌத்த காவியமாகிய மணிமேகலை கூறும் பன்னிரு சார்புகளிலே, வேட்கைக்கும் பவத்துக்கும் இடையே ஒன்பதாவதாக நிற்பது பற்று. பாளி நூல்கள் ‘உபாதானம்’ என்பதும் இதுவேயாகும்.

மண்ணை ஆண்டோரோ இச்சொல்லை வேறு வகையிற் கையாண்டனர். சோழப் பேரரசின் இறுதிக் காலத்தையும் பாண்டியர் எழுச்சிக் காலத்தையும் சேர்ந்த சாசனங்களிலே, சிறப்பாகப் புதுக்கோட்டைப் பகுதியிலே, ‘படைப்பற்று’ என்னும் தொடர் காணப்படுகின்றது. படைத்தொழில் புரிவோர் பிடியிலிருந்த ஊர்களை இது குறித்தது. ஈண்டுப் பற்று என்பது வெறும் உடைமையன்று. பணியோடு பிணைந்த உரிமை என்பது கருதத்தக்கது.

ஈழத்திலே இச்சொல் நிலப்பிரிவின் பெயராகவே நிலைபெற்றது. மட்டக்களப்பிலே கோறளைப்பற்று, ஏறாவூர்ப்பற்று, மண்முனைப்பற்று, எருவில்பற்று, போரதீவுப்பற்று என்பனவும், திருகோணமலையிலே கட்டுக்குளப்பற்று, கொட்டியாரப்பற்று, தம்பலகாமப்பற்று என்பனவும் விளங்கின. மட்டக்களப்பின் பற்றுகளுக்குப் பிரித்தானியர் காலத்திலும் வன்னிமை எனப்பட்ட தலைவர்கள் பொறுப்பாயிருந்தனர். தலைமைக்காரர் முறை மறைந்தபோதும் பெயர்கள் மறையவில்லை. 1992ஆம் ஆண்டின் 58ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் பிரதேச செயலகப் பிரிவுகள் பல இன்றும் பற்று என்றே முடிகின்றன. முல்லைத்தீவின் கரைதுறைப்பற்று, ஆங்கில ஆவணங்களில் ‘மரிட்டைம்பற்று’ எனப் பாதி மொழிபெயர்ப்பாக நிற்பது சுவையானது. ஆங்கிலேயர் இதனைப் ‘பட்டு’ என ஒலிக்குமாறு எழுதியதற்கும் காரணம் உண்டு. ஈழத்தமிழர் நாவிலே றகர இரட்டை, ஆங்கில டகர ஒலியை ஒத்தே ஒலிக்கின்றது.

சிங்கள வழக்கிலும் கோறளையின் உட்பிரிவு ‘பத்துவ’ எனப்படும். வெள்ளவத்தைக்குத் தெற்கேயுள்ள தெகிவளையின் காணி உறுதிகள், அவ்வூரைச் சல்பிட்டி கோறளையின் பல்லே பத்துவவிலே வைத்துக் கூறுகின்றன. ஒலியும் பொருளும் ஒத்திருத்தலின் இவ்விரு சொற்களும் தொடர்புடையன எனக் கருத இடமுண்டு. புத்தளத்திலே ‘தெமள ஹத்பத்து’, அதாவது தமிழரின் ஏழு பற்று, என்னும் பெயருடைய நிலப்பகுதி இன்று பெரும்பாலும் சிங்களம் பேசும் மக்களின் வாழிடமாகும். 1961இல் மட்டக்களப்பிலிருந்து பிரிந்து அம்பாறை மாவட்டத்துட் சேர்ந்த பற்றுகளிலே முஸ்லிம்களும் தமிழரும் அயலூர்களில் வாழ்கின்றனர். பாணமைப்பற்றிலோ சிங்களவரும் தமிழரும் மணவுறவாலும் கலந்துள்ளனர்.

இவ்வுண்மைகள் நமக்குப் புகட்டுவது யாது? நிலத்தின் பெயரைச் சான்றாகக் காட்டி, ‘இது எமது, பிறர்க்கு இதில் இடமில்லை’ என வாதிடும் வழக்கம் இந்நாட்டின் எல்லா இனத்தாரிடத்தும் உண்டு. அவ்வாதத்தின் விலையை 1983இலும் அதன் பின்னரும் பல்லாயிரம் குடும்பங்கள் செலுத்தின. வெள்ளவத்தையின் மாடிக்குடியிருப்புகளிலே வாழ்வோர் பலர், தம் நிரந்தர முகவரியாக இன்றும் தொலைவிலுள்ள ஒரு பற்றின் பெயரை எழுதுகின்றனர். அப்பிடிப்பை எள்ளி நகையாடுதல் தகாது. அது மண்ணிழந்தோர்க்கு எஞ்சிய செல்வம். ஆயின் பெயர் ஓர் இனத்தின் வரவைக் காட்டுமேயன்றி, மற்றோர் இனத்தை வெளியேற்றும் அதிகாரத்தை அளியாது. தெமள ஹத்பத்துவின் இன்றைய சிங்கள உழவனுக்கும் இது பொருந்தும், நமக்கும் பொருந்தும்.

சொல்லின் வரலாறும் இதனையே வலியுறுத்துகின்றது. படைப்பற்றினர் நிலத்தைக் கொண்டது பணிக்காக. கணக்கேட்டிலே பற்று எழுதப்பட்டவன் திருப்பிக் கொடுக்கக் கடமைப்பட்டவன். பற்றுச்சீட்டும் பெற்றுக்கொண்டதை ஒப்புக்கொள்ளும் சீட்டே. தமிழ் மரபிலே பற்றுதல் என்பது பொறுப்பேற்றலுமாகும். நாட்டுப்பற்று என்னும் சொல்லை மேடைகளிலே உரக்க முழங்குவோர், அதனுள் உறையும் இக்கடன் பொருளையும் உடன் நினைவிற் கொள்வாராயின், இச்சிறு தீவின் பற்றுகள் அனைத்தும் அவற்றில் வாழ்வோர் அனைவருக்கும் பற்றுக்கோடாக அமையும்.