பேராயர் கொலென்சோவும் திருச்சபையின் தீர்ப்பும்

கொள்கை வேறுபாடு தோன்றாத சமயம் உலகில் இல்லை. வேறுபட்ட கருத்தை எழுப்புவோர் வெளியாராயின், அதனை மறுத்துரைப்பது எளிது. ஆனால், சமயத்தின் பீடத்திலேயே அமர்ந்து, அதன் பெயரால் போதிக்கும் உரிமை பெற்ற குரு ஒருவரே ஐயத்தை எழுப்பினால், அச்சமயத்தார் அவரை எவ்வாறு நோக்குவர்? இவ்வினாவுக்கு ஆங்கிலிக்கன் திருச்சபையின் வரலாறு தரும் விடை ஆசிரியர்களாகிய நாம் அறிந்துகொள்ளத்தக்கது.

1534ஆம் ஆண்டில், எட்டாம் என்றி மன்னரின் காலத்தில், இங்கிலாந்துத் திருச்சபை உரோமாபுரியின் ஆட்சியினின்று பிரிந்தது. அரசே அதன் தலைமையாயிற்று. பிற்காலத்தில் அதனுள் மூன்று போக்கினர் தெளிவாகத் தோன்றினர். தொன்மரபையும் சடங்கையும் போற்றியோர் ஒரு சாரார். வேதாகமமே அனைத்துக்கும் அளவுகோல் என்றோர் மற்றொரு சாரார். அறிவாராய்ச்சிக்கும் சமயத்தில் இடமுண்டு என்ற பரந்த நோக்கினர் மூன்றாம் சாரார். குருவாக விரும்பும் எவரும் முப்பத்தொன்பது கோட்பாடுகளை ஏற்றுக் கையொப்பமிடவேண்டும் என்பது அக்கால விதியாக இருந்தது. இக்கையொப்பமே பின்னர் எழுந்த வழக்குகளுக்கெல்லாம் அடிப்படையாயிற்று.

சான் வில்லியம் கொலென்சோ 1814ஆம் ஆண்டில் கார்ன்வால் பகுதியில் பிறந்தவர். கேம்பிரிட்ச்சுப் பல்கலைக்கழகத்துக் கணிதத் தேர்வில் 1836இல் இரண்டாம் இடம் பெற்றவர். ஆரோ பள்ளியில் கணிதம் கற்பித்தார். அவர் எழுதிய இயற்கணித நூலும் எண்கணித நூலும் பள்ளிகளில் பெருவழக்காய்ப் பயின்றன. 1853இல் தென்னாப்பிரிக்காவின் நேட்டால் நாட்டுக்கு முதற் பேராயராக அமர்த்தப்பெற்றார். அங்குச் சூலு மொழியைக் கற்று, அதற்கு இலக்கணம் எழுதினார், 1861இல் சூலு–ஆங்கில அகராதியை வெளியிட்டார், வேதாகமத்தையும் மொழிபெயர்க்கலானார்.

இம்மொழிபெயர்ப்புப் பணியில் அவருக்குத் துணைநின்றவர் வில்லியம் இங்கிடி என்னும் சூலு இளைஞர். நோவா காலத்துப் பெருவெள்ளக் கதையை மொழிபெயர்க்கும்போது, இவையெல்லாம் உண்மையிலேயே நிகழ்ந்தவைதாமா என்று இங்கிடி வினவினார். கொலென்சோ நில இயல் நூல்களைக் கற்றவர். உலகம் முழுவதையும் மூழ்கடித்த வெள்ளம் ஒன்று நிகழ்ந்திருத்தல் இயலாது என்பதை அறிந்தவர். கடவுளின் பெயரால் தாம் நம்பாத ஒன்றை எவ்வாறு மெய்யென்று சொல்வது? மாணாக்கர் நிலையில் இருந்தவர் கேட்ட வினா, பேராயரின் உள்ளத்தில் முள்ளாய்த் தைத்தது.

மோசேயின் ஐந்தாகமங்களையும் யோசுவா ஆகமத்தையும் ஆராய்ந்து, அவர் எழுதிய நூலின் முதற்பகுதி 1862இல் வெளிவந்தது. அதில் அவர் கையாண்ட கருவி எண்கணிதமே. எகிப்தைவிட்டு வெளியேறிய இசுரவேலருள் போர்புரியத்தக்க ஆடவர் மட்டும் ஆறு இலட்சம் பேர் என்கிறது ஆகமம். அங்ஙனமாயின், பெண்டிரும் பிள்ளைகளும் சேர இருபது இலட்சத்துக்கும் மேற்பட்டோர் பாலைவனத்தில் எவ்வாறு உணவும் நீரும் பெற்றனர்? அவர்தம் ஆடுமாடுகள் எங்கு மேய்ந்தன? தலைப்பிள்ளைகளாய்ப் பிறந்த ஆண்கள் 22,273 பேரே எனில், ஒவ்வொரு தாயும் சராசரியாக நாற்பதுக்கும் மேற்பட்ட ஆண்மக்களைப் பெற்றிருக்கவேண்டுமே, அஃது இயலுமா? எனவே, இந்நூல்கள் நிகழ்ச்சிகளை உள்ளவாறே கூறும் வரலாறு அல்ல என்பது அவர் முடிவு. ஆயினும், அவற்றில் இறைவனின் குரல் ஒலிக்கிறது என்பதை அவர் மறுத்தாரில்லை.

நூல் வெளிவந்ததும் பெரும்புயல் எழுந்தது. கேப்டவுன் பேராயரும் தென்னாப்பிரிக்கத் திருச்சபையின் தலைவருமாகிய இராபர்ட்டு கிரே, கொலென்சோவைத் திரிபுக் கொள்கையர் என்றார். இங்கிலாந்துப் பேராயர்கள் ஒன்றுகூடிப் பதவி விலகுமாறு அவரை வேண்டினர். அவ்வேண்டுகோளில் கையொப்பமிட மறுத்தவர், செயின்ட் டேவிட்சு பேராயர் தர்ல்வால் ஒருவரே. பரந்த நோக்கினரும் ஒருமித்து ஆதரித்தார்களா எனில், அதுவும் இல்லை. பிரெடரிக்கு மாரிசு என்னும் அறிஞர், நரக தண்டனை முடிவற்றது என்பதை ஐயுற்றமைக்காக 1853இல் தம் பேராசிரியர் பதவியை இழந்தவர். அக்காலத்தில் கொலென்சோ தம் நூலொன்றை அவருக்கே காணிக்கையாக்கி ஆதரவு காட்டினார். அத்தகைய மாரிசே இப்போது கொலென்சோவின் நூலை ஏற்காது விலகி நின்றார்.

1863இன் இறுதியில் கேப்டவுனில் விசாரணை நடத்திய கிரே, கொலென்சோவைப் பதவியினின்று நீக்குவதாகத் தீர்ப்பளித்தார். ஆனால், இலண்டன் பிரிவி கவுன்சில் 1865இல், அவ்வாறு நீக்கும் அதிகாரம் கிரேக்குச் சட்டப்படி இல்லை என்று கூறிவிட்டது. நேட்டாலுக்குத் திரும்பிய கொலென்சோவைக் கிரே 1866இல் சபைநீக்கம் செய்தார். 1869இல் வேறொரு பேராயரையும் அந்நாட்டுக்கு அமர்த்தினார். ஒரு நாட்டில் இரு பேராயர்; ஒருவர் அரசின் சட்டத்தால் நின்றவர், மற்றவர் திருச்சபையின் ஆணையால் வந்தவர்! இக்குழப்பத்தால் கவலையுற்ற கனடா நாட்டுப் பேராயர்களின் வேண்டுகோளே, 1867இல் எழுபத்தாறு பேராயர்கள் கூடிய முதல் இலாம்பெத்து மாநாட்டுக்கு வழிவகுத்தது. இன்றளவும் தொடரும் அம்மாநாட்டு மரபின் தோற்றத்தில், ஓர் ஐயவாதக் குருவை என்ன செய்வது என்ற கேள்விக்கும் பங்குண்டு.

நேட்டாலில் குடியேறியிருந்த வெள்ளையருள் பலர் கொலென்சோவின் பக்கம் நின்றனர். ஆகமத்தைப் பற்றிய அவர்தம் ஐயங்கள் அவர்களைப் பெரிதும் துன்புறுத்தவில்லை. ஆனால், 1873இல் இலங்கலிபலேலே என்னும் ஆப்பிரிக்கத் தலைவர் கைதாகி, முறைதவறிய விசாரணையால் தண்டிக்கப்பட்டபோது, கொலென்சோ அவருக்காக வாதாடினார். இங்கிலாந்துவரை சென்று முறையிட்டார். 1879இல் சூலு மக்கள்மீது ஆங்கிலேயர் போர் தொடுத்தபோதும் அதனை வெளிப்படையாகக் கண்டித்தார். அப்போதுதான் வெள்ளையர் பலர் அவரைக் கைவிட்டனர். நோவாவின் வெள்ளத்தை மறுத்தவரைப் பொறுத்துக்கொண்டவர்கள், நீதி கேட்டவரைப் பொறுக்கவில்லை. சூலு மக்களோ அவரைச் 'சோபந்து', அதாவது மக்களின் தந்தை, என்று அழைத்தனர். 1883இல் அவர் மறைந்தார்.

திருச்சபையின் நோக்கு பின்னர் மெல்ல மாறிற்று. 1860இல் வெளிவந்த 'கட்டுரைகளும் திறனாய்வுகளும்' என்ற நூலை எழுதிய எழுவருள் ஒருவர் பிரெடரிக்கு டெம்பிள். அந்நூலைத் திருச்சபைப் பேரவை 1864இல் கண்டித்தது. 1869இல் டெம்பிள் பேராயராக்கப்பட்டபோதும் கடும் எதிர்ப்பு எழுந்தது. அவரே 1896இல் கேண்டர்பரித் தலைமைப் பேராயர் ஆனார்! அவர் மகன் வில்லியம் டெம்பிளுக்கு, கன்னிப்பிறப்பைப் பற்றிய உறுதியின்மை காரணமாக 1906இல் குருப்பட்டம் மறுக்கப்பட்டது. அவரும் 1942இல் அதே பீடத்தில் அமர்ந்தார்.

இதனால் பகைமை அற்றுப்போயிற்று எனக் கருதலாகாது. கன்னிப்பிறப்பைப் பற்றியும் உயிர்த்தெழுதலைப் பற்றியும் ஐயக் கருத்துகளைக் கூறிய டேவிட் செங்கின்சு, 1984 சூலை 6ஆம் நாள் யார்க்குப் பேராலயத்தில் டர்காம் பேராயராகத் திருநிலைப்படுத்தப்பட்டார். மூன்றாம் நாள் அப்பேராலயம் தீப்பற்றியது. இடி விழுந்ததே காரணமாகலாம் எனக் கருதப்பட்டது. அதனைத் தெய்வச் சினம் என்றோரும் உளர். எனினும், அவர் 1994இல் ஓய்வுபெறும்வரை பதவியில் நீடித்தார். அதே 1994இல், கடவுள் நமக்குப் புறம்பே இருப்பவர் அல்லர் என்று எழுதிய அந்தோனி பிரீமன் என்னும் பங்குக்குரு பணியினின்று நீக்கப்பட்டார். ஆகவே, அத்திருச்சபையின் பொறுமைக்கும் ஓர் எல்லை உண்டு. அவ்வெல்லை எங்குள்ளது என்பதில் அதன் மக்களே ஒருமனப்பட்டாரில்லை.

இரு சாராரிடத்தும் நியாயம் உண்டு. வாக்களித்துப் பதவி ஏற்றவர் அவ்வாக்கைக் காத்தல் வேண்டும். குருவை நம்பி வரும் எளியோரின் உள்ளம் கலங்கலாகாது என்பது கிரே போன்றோரின் கவலை. இதனைக் குறுகிய நோக்கு என்று தள்ளிவிட முடியாது. ஆனால், தாம் நம்பாததை நம்புவதாகக் காட்டிப் போதிப்பது வாக்கைக் காப்பதாகுமா என்பது கொலென்சோவின் கேள்வி. முன்னது பதவியின் கடமை. பின்னது மனச்சான்றின் கடமை. இரண்டும் மோதும் இடத்தில், நீதிமன்றத் தீர்ப்பாலோ பேரவையின் கண்டனத்தாலோ முடிவு பிறந்துவிடவில்லை.

பாடநூலைக் கையில் ஏந்தி வகுப்பில் நிற்கும் நமக்கும் இவ்வினா புதிதன்று. மெய்யா பொய்யா என்று மாணாக்கன் கேட்கும் நாள் ஒவ்வோர் ஆசிரியர்க்கும் வரும். அவ்வேளையில் அவன் வாயை அடக்குவது எளிது. வினாவை மதித்து, அறிந்ததை அறிந்தவாறே உரைப்பது அரிது. அவ்வரிய வழியைத் தேர்ந்த கொலென்சோ, தம் முடிவுகள் அனைத்திலும் சரியானவர் என்று நாம் கொள்ளவேண்டுவதில்லை. சூலு இளைஞர் ஒருவரின் கேள்வியைத் தம் பதவியினும் பெரிதாக மதித்தாரே, அந்த நேர்மையை நாம் போற்றுவோமாக.