டி.என்.ஏ. இழைகளாற் சமைத்த சட்டகம்

1953 ஆம் ஆண்டில் டி.என்.ஏ.யின் இரட்டைச் சுருள் அமைப்பு வெளிப்பட்டபின், அம்மூலக்கூறு பரம்பரைச் செய்தியைத் தாங்கும் ஏடாகவே பெரிதும் நோக்கப்பட்டு வந்தது. அதனைக் கட்டடப் பொருளாகக் கொள்ளும் எண்ணம் பளிங்குருவியலாளர் ஒருவரின் இடர்ப்பாட்டிற் பிறந்தது.

அமெரிக்காவின் அல்பனி நகரிற் பணியாற்றிய நேட்ரியன் சீமன், மூலக்கூறுகளின் உருவை எக்ஸ் கதிர் கொண்டு ஆராய்ந்தவர். அவ்வாய்வுக்கு மூலக்கூறுகள் ஒழுங்காக அடுக்கப்பட்ட பளிங்கு வேண்டும். பளிங்காக்கமோ பலவாறு முயன்று பார்க்கும் வேலையாகவே இருந்தது. 1980 இல், ஆறு கிளைகள் கூடும் டி.என்.ஏ. சந்தியொன்றைப் பற்றி அவர் சிந்திக்கையில், டச்சு ஓவியர் எஷரின் 'ஆழம்' என்னும் ஓவியம் நினைவுக்கு வந்தது. அதில் மீன்கள் மேலும் கீழும் முன்னும் பின்னும் ஒரே ஒழுங்கில் நிரைநிரையாக நிற்கின்றன. மீன்களின் இடத்திற் சந்திகளை வைத்தால் சட்டகம் உண்டாகும். அதன் அறைகளிற் புரதங்களை இருத்தினால் அவையும் ஒழுங்குபெறும் என அவர் கருதினார். சந்திகளாற் சட்டகம் அமைக்கும் இத்திட்டம் 1982 இல் வெளியாயிற்று.

இதன் அடிப்படை எளியது. அடினின் தைமினுடனும், குவானின் சைற்றோசினுடனும் இணையும். எனவே மூலங்களின் வரிசையை வகுப்பவர், எந்த இழை எதனோடு சேரும் என்பதையும் வகுத்தவராவார். முனையில் இணைசேராத மூலங்கள் சில விடப்படின், அவை அடுத்த துண்டைப் பற்றிக்கொள்ளும்.

செயலோ நெடிதாயிற்று. நியூ யோர்க் பல்கலைக்கழகத்திற்கு மாறிய சீமனின் ஆய்வுகூடம் 1991 இல் டி.என்.ஏ.யாலான கனசதுரமொன்றை வெளிப்படுத்தியது. 2006 இல் கலிபோர்னியாவிற் போல் றொதமண்ட், வைரசொன்றின் 7,000 இற்கு மேற்பட்ட மூலங்களையுடைய ஒற்றையிழையை, 200 இற்கு மேற்பட்ட குற்றிழைகளால் மடித்துப் பிணித்து, ஏறத்தாழ 100 நனோமீற்றர் அகலமான உருவங்களை ஆக்கினார். 2009 இலேயே, முன்கூட்டி வகுத்த முப்பரிமாணப் பளிங்கு சீமன் குழுவினருக்குக் கைகூடியது. தாம் வகுத்த உருவை அவர்கள் எக்ஸ் கதிராலேயே சரிபார்த்தனர்.

எனினும், அறைகளிற் புரதங்களை ஒழுங்காக இருத்துதல் எளிதிற் கைவரவில்லை. அதற்கிடையில், உறைநிலை இலத்திரன் நுணுக்குக்காட்டி பளிங்கின்றியே புரதங்களின் உருவைக் காட்டும் ஆற்றல் பெற்றது. அதனை வளர்த்தோர் 2017 இல் நோபெல் பரிசு பெற்றனர். சீமன் 2021 இல் மறைந்தார். அவரைத் தூண்டிய தேவை பெருமளவு வேறு வழியால் நிறைவேறியது. அத்தேவைக்கென அவர் தொடக்கிய கலையோ மூலக்கூறுகளை விரும்பிய இடத்தில் நிறுத்தும் தனித்துறையாக வளர்ந்து நிற்கின்றது. அறிவியலில் ஒரு வழியின் பயனை அது முதலிற் குறித்த இலக்கைக் கொண்டு மட்டும் அளத்தல் பொருந்தாது என்பதற்கு இவ்வரலாறு தக்க சான்றாகும்.