தடம் அறிந்தோர்

பழந்தமிழ்ப் பாடல்களைப் பாடஞ்சொல்லும்போது "ஒருவகைப் பாம்பு", "ஒருவகைப் பறவை" என்று பொருள் கூறிக் கடந்துவிடுதல் எம்போன்ற ஆசிரியர்க்கு வழக்கமாகிவிட்டது. எவ்வகை என்று மாணவர் வினவினால் வாய்மூடி நிற்கிறோம். அவ்வினாவிற்கு ஏட்டில் அன்றி மண்ணில் விடை கண்டவர்களின் வரலாற்றை இம்மலரில் நினைவுகூர்வது பொருந்தும்.

சோழமண்டலக் கரையின் பாம்புகளை விரிவாக ஆராய்ந்து எழுதியவர், கிழக்கிந்தியக் கும்பினியின் இயற்கை ஆய்வாளராகப் பணியாற்றிய பேட்ரிக் ரஸ்ஸல். அவர்தம் நூல் 1796-இல் இலண்டனில் வெளிவந்தது. பாம்புகளுக்கு இந்நாட்டார் வழங்கிய பெயர்களையும் அவர் அதில் குறித்துள்ளார். வெவ்வேறு பெயர்கள் வழங்கின எனின், இனம்பிரித்து அறிந்த மக்கள் அவருக்கு முன்பே இருந்தனர் என்பதன்றோ பொருள்? ஆயினும் கண்ணாடி விரியனின் அறிவியற் பெயரில் நிலைத்தது ரஸ்ஸலின் பெயரே.

தமிழகத்தில் இவ்வறிவை வழிவழியாகப் பேணிவருவோர் இருளர். புழுதியில் படிந்த தடம், வளைவாயிலில் கிடக்கும் சட்டை, எச்சம் ஆகியவற்றைக் கொண்டே உள்ளிருப்பது இன்ன பாம்பென உய்த்துணர்வர். கட்டுவிரியனும் நஞ்சற்ற வெள்ளிக்கோல் வரையனும் பார்வைக்கு ஒத்தவை. முதுகின் நடுவே பெரிய அறுகோணச் செதில்கள் வரிசையாக அமைந்திருப்பது கட்டுவிரியன் என்கிறது நூல். செதிலை நோக்கும் அளவிற்கு நெருங்கும் முன்பே தெளிய வேண்டியது இருளரின் தொழில். பிழைத்தால் உயிர் போகும்.

பாம்புத்தோல் வணிகத்தை நம்பி வாழ்ந்த அவர்களது பிழைப்பு, 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தாலும் பின்வந்த ஏற்றுமதித் தடையாலும் முறிந்தது. ராமுலஸ் விட்டேக்கரின் துணையோடு 1978-இல் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. மாமல்லபுரத்திற்கு அருகே வடநெம்மேலியில் நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சை எடுத்தபின் அவற்றை மீண்டும் காட்டில் விடுவர். அந்நஞ்சே பாம்புக்கடி முறிமருந்திற்கு மூலம். கொன்று தோலுரித்த கை, உயிர்காக்கும் கையாயிற்று.

2017-இல் அமெரிக்காவின் புளோரிடாவில் பெருகிவிட்ட பர்மிய மலைப்பாம்புகளைத் தேட மாசி சடையன், வடிவேல் கோபால் எனும் இருளர் இருவர் அழைக்கப்பெற்றனர். 2023-இல் இருவருக்கும் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. ரஸ்ஸலின் காலத்தில் பெயரற்றிருந்த அறிவு, இரு நூற்றாண்டு கழித்துத் தன் பெயரைப் பெற்றது.

நம் வட்டத்துக் கவிஞர்களிடம் ஒரு வேண்டுகோள்: கவிதையில் "பாம்பு" என எழுதுமுன் எப்பாம்பு என ஒருமுறை வினவுங்கள். நானும் இனி வகுப்பில் "ஒருவகை" என்று சொல்லித் தப்பிக்கப் போவதில்லை. அறிந்தவரிடம் கேட்டு வந்து சொல்வேன்.