நூற்றிருபது ராத்தல் மீன்

மைசூருவில் வான் இங்கன் என்ற பெயரைச் சொன்னால் பழைய ஆட்களுக்குப் புலிதான் ஞாபகம் வரும். யூஜின் வான் இங்கன் 1900ஐ ஒட்டிய ஆண்டுகளில் தொடங்கிய பாடம் செய்யும் தொழிற்கூடம், 1999ல் மூடப்படும்வரை ஊரின் அடையாளங்களில் ஒன்றாக இருந்தது. மகாராஜாக்களும் துரைமார்களும் சுட்ட புலிகளும் சிறுத்தைகளும் அங்கே போய், கண்ணாடி விழியும் உறுமும் வாயுமாகத் திரும்பி, அரண்மனைச் சுவர்களில் ஏறின. யூஜின் தன் பிள்ளைகள் சிலருக்கு போயர் யுத்தத் தளபதிகளின் பெயர்களை வைத்தார்: போத்தா, டி வெட், ஜூபெர். இவர்களில் டி வெட்டின் பெயர் புலியைவிட மீனோடுதான் அதிகம் ஒட்டிக்கொண்டது. 1946 மார்ச் 22 அன்று கபினி ஆற்றில் அவர் தூண்டிலில் ஏறிய மஹ்சீர் என்ற ஆற்று மீன் 120 ராத்தல் நின்றது. இன்றைய கணக்கில் 54 கிலோவுக்கும் சற்று மேல். தூண்டிலில் பிடிபட்ட மஹ்சீர்களில் அதுவே சாதனை என்று இன்றும் சொல்கிறார்கள்.

அது ஏதோ ஒரு நாள் அடித்த அதிர்ஷ்டம் என்று ஒதுக்கிவிட முடியாது. அதே மைசூர் ஆறுகளில் 1906ல் முர்ரே ஆய்ன்ஸ்லி 104 ராத்தல் மீன் ஒன்றைப் பிடித்திருந்தார். 1919 டிசம்பரில் ரிவெட் கார்னாக் என்ற ராணுவ அதிகாரிக்குக் காவிரியில் 119 ராத்தல் கிடைத்தது. ஜிம் கார்பெட் மனமுருகி எழுதிய இமயமலை மஹ்சீர்கூட இந்த எடைகளுக்குப் பக்கத்தில் நிற்பது அரிது. தலைக்குப் பின்னால் திமில்போல் மேடிட்ட முதுகும், ஆரஞ்சுச் சிவப்புத் துடுப்புகளும் கொண்ட இந்த மைசூர் இனம் உலகத்தில் காவிரியிலும் அதன் கிளையாறுகளிலும் மட்டுமே உண்டு. மைசூரின் தூண்டில் புகழ் முழுக்க அந்தத் திமிலின் மேல்தான் உட்கார்ந்திருந்தது.

பொழுதுபோக்காகத் தூண்டில் போடுவது வெள்ளைக்காரர் கொண்டுவந்த பழக்கம் என்று நினைத்தால் தவறு. கல்யாணியிலிருந்து ஆண்ட மேலைச் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன் பன்னிரண்டாம் நூற்றாண்டில் தொகுத்த ‘மானசோல்லாச’த்தில் மீன் விளையாட்டுக்கென்றே ஒரு பகுதி இருக்கிறது. கழி, கயிறு, எந்த மீனுக்கு எந்த இரை, முதலில் தீனி போட்டு மீனை ஓர் இடத்துக்குப் பழக்குவது எப்படி என்றெல்லாம் அரசன் விவரிக்கிறான். ஏறத்தாழ முப்பத்தைந்து வகை மீன்களின் பெயர்களும் வருகின்றன. மீனியல் அறிஞர் சுந்தர்லால் ஹோரா 1951ல் அதை ஆராய்ந்து எழுதியபோதுதான் நவீன வாசகர்கள் பலர் இதைக் கவனித்தார்கள். இன்னொரு பக்கம், ஹாசன் மாவட்டத்து ராமநாதபுரத்தில் காவிரிப் படித்துறையில் பக்தர்கள் பொரி போட, பெரிய பெரிய மஹ்சீர்கள் வந்து வாய் பிளக்கும். அங்கே தூண்டிலுக்கு இடமில்லை. அது சாமி மீன்.

துரைமார்களின் கதை 1873ல் மங்களூரில் அச்சான ஒரு புத்தகத்தோடு சூடுபிடிக்கிறது. மதராஸ் சிவில் சர்வீஸைச் சேர்ந்த ஹென்றி சல்லிவன் தாமஸ் எழுதிய ‘தி ராட் இன் இந்தியா’ அது. எடைக்கு எடை பார்த்தால் ஸ்காட்லாந்தின் சால்மனைவிட மஹ்சீரே கடுமையாகப் போராடும் என்று அவர் வாதாடினார். ஊர்ப் பெருமை பேசும் இங்கிலாந்துக்காரர்களைச் சீண்ட இது போதுமானதாக இருந்தது. தாமஸ் வெறும் விளையாட்டுக்காரரும் அல்ல. தென் கனராவின் ஆறுகளில் மீன் குறைந்துவருவதைப் பற்றி அரசுக்கு அறிக்கை கொடுத்தவர். ஆற்றில் வெடி போடுவதையும் நஞ்சு கலப்பதையும் குற்றமாக்கிய இந்திய மீன்வளச் சட்டம் 1897ல்தான் வந்தது. தடை சட்டப் புத்தகத்தில் ஏறியது. வெடிச்சத்தம் மட்டும் ஆற்றில் ஓயவில்லை.

சுதந்திரத்துக்குப் பின் கழிகள் பரணுக்குப் போயின. முன்பே எழுந்த கிருஷ்ணராஜசாகர், மேட்டூர், பிறகு 1974ல் கபினி என அணைகள் ஆற்றைத் துண்டு போட்டுவிட்டன. பெரிய மஹ்சீர் முடிந்துபோன கதை என்று வெளிநாட்டில் நம்பிக்கொண்டிருந்தார்கள். 1977ல் மூன்று இங்கிலாந்து இளைஞர்கள் இந்திய ஆறுகளைத் துழாவ வந்தார்கள். அடுத்த ஆண்டு அவர்களில் ஒருவரான ராபர்ட் ஹோவிட் காவிரியில் 92 ராத்தல் மீனைப் பிடித்தார். அந்தச் செய்தி இங்கிலாந்தின் தூண்டில் வட்டாரத்தை உலுக்கியது.

பிறகு வந்ததுதான் முகாம்களின் காலம். 1972ல் தொடங்கிய பெங்களூருவின் தென்னிந்திய வனவிலங்குச் சங்கம் ஆற்றின் ஒரு பகுதியைக் குத்தகைக்கு எடுத்துக் காவல் போட்டது. கர்நாடக அரசின் ஜங்கிள் லாட்ஜஸ் நிறுவனம் சிவனசமுத்திரத்துக்கும் சங்கமம் என்ற இடத்துக்கும் இடைப்பட்ட காட்டில் பீமேஸ்வரி, தொட்டமாக்களி, கலிபோரே என்று முகாம்களை வரிசையாக அமைத்தது. டிசம்பர் கழிந்து தண்ணீர் வற்றித் தெளியும்போது பருவம் தொடங்கும். மார்ச் வெயில் ஏறும்வரை ஓடும்.

ஒரு வாரத்துக்குப் பணம் கட்டி வந்தவர் உண்மையில் செய்த வேலை காத்திருப்பதுதான். விடியலில் பரிசலில் ஏறி ஏதாவது ஒரு மடுவின் விளிம்புப் பாறைக்குப் போவார். கேழ்வரகு மாவை மசாலா சேர்த்து வேகவைத்து, எலுமிச்சை அளவுக்கு இறுக்கி உருட்டிய களி உருண்டைதான் இரை. சில சமயம் நண்டு, சின்ன மீன். கொளுத்தும் வெயிலில் பாறை சுடும்போது முகாமுக்குத் திரும்பல், மாலையில் மறுபடி பாறை. பல நாள் ஒன்றும் நடக்காது. நடந்தால், அந்த மீன் சுழித்தோடும் நீரோடு நூறு கஜம் கீழே பாய்ந்து, பாறை இடுக்கில் நரம்பைச் சிக்கவைத்துவிடும். உடனே வழிகாட்டி பரிசலைத் தள்ளிக்கொண்டு அதன் பின்னால் போவார். மீனைவிடப் பாறைதான் பெரிய எதிரி. கடைசியில் எடை போட்டு, படம் எடுத்து, ஆற்றிலேயே விட்டுவிட வேண்டும் என்பது முகாமின் விதி. வான் இங்கன் காலத்தில் சுவருக்குப் போனது இப்போது நோட்டுப் புத்தகத்தில் ஒரு வரியாகியது.

அந்த வழிகாட்டிகளில் பலர் முன்னாள் திருட்டு மீன்பிடிகாரர்கள். எந்த மடுவில் எந்த மாதத்தில் என்ன கிடக்கும் என்பது அவர்களுக்குத் தெரிந்த அளவு எந்த விஞ்ஞானிக்கும் தெரியாது; வெடி போட்ட கைதானே. ஒரு பெரிய மீனைச் சந்தையில் விற்பதைவிட அதே மீனை மறுபடி மறுபடி பிடிக்க வைத்தால் வருமானம் கூடுதல் என்று ஆனதும் கணக்கு மாறியது. முகாம் ஓடிய கரையில் வெடிகாரர்கள் நுழையத் தயங்கினார்கள். வசதி படைத்தவர்களின் பொழுதுபோக்கு ஏழைகளுக்குச் சம்பளமாகவும் ஆற்றுக்குக் காவலாகவும் ஆனதை நல்ல ஏற்பாடு என்றே சொல்ல வேண்டும். ஆனால் கதை அத்தோடு நிற்கவில்லை.

கலிபோரே முகாம் 1998 முதல் 2012 வரை, பதினைந்து பருவங்கள், ஒவ்வொரு மீனின் எடையையும் தூண்டில் போட்ட நேரத்தையும் குறித்து வைத்திருந்தது. அட்ரியன் பிண்டர், ராஜீவ் ராகவன் உள்ளிட்ட ஆய்வாளர்கள் அந்தக் குறிப்பேட்டை எடுத்துக் கூட்டிப் பார்த்தார்கள்: 23,620 மணி நேரத் தூண்டில், 6,161 மீன்கள். எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனது. மேலோட்டமாகப் பார்த்தால் கொண்டாட வேண்டிய செய்தி. பிரித்துப் பார்த்தபோது, ஏறியது நீலத் துடுப்பு மஹ்சீர். திமில் மீன் தொடர்ந்து இறங்கிக்கொண்டிருந்தது. இன்னும் கவலை தரும் தகவல், பிடிபட்ட திமில் மீன்களின் சராசரி எடை கூடியது. குஞ்சுகள் வராமல் கிழடுகள் மட்டும் மிஞ்சினால் சராசரி அப்படித்தான் கூடும்.

நீலத் துடுப்பு காவிரியின் பிள்ளை அல்ல. மகாராஷ்டிரத்தின் லோனாவாலாவில் டாடா மின் நிறுவனம் நடத்திய குஞ்சுப் பண்ணை அதைப் பெருக்கியது. 1970களிலிருந்து குஞ்சுகள் காவிரி உட்படப் பல மாநில ஆறுகளுக்குப் போயின. மஹ்சீரைக் காப்பாற்றும் வேலை என்று எல்லாரும் கைதட்டினார்கள், தூண்டில்காரர்கள் உட்பட. ‘மஹ்சீர்’ என்று ஒரே பெயரில் அழைத்ததால் எந்த மஹ்சீர் என்று கேட்கத் தோன்றவில்லை போலும்.

கேட்டிருந்தாலும் பதில் சொல்ல அறிவியலிடம் பெயர் இல்லை. நூறு ஆண்டுகளுக்கு மேல் உலகம் அறிந்திருந்த இந்தத் திமில் மீனுக்கு முறையான பெயர் இல்லாமலே இருந்தது. புத்தகங்கள் வேறொரு வடிநிலத்து மீனின் பெயரை இதற்குச் சூட்டிக் குழப்பின. 2018ல் வந்த ஆய்வு, அமராவதியின் கிளையாறான பாம்பாற்றில் கிடைத்து ஏற்கனவே பெயரிடப்பட்டிருந்த ‘டோர் ரேமாதேவி’தான் இது என்று உறுதிசெய்தது. சென்னையில் இந்திய விலங்கியல் ஆய்வகத்தில் பணியாற்றிய மீனியலாளர் கே. ரேமாதேவியைக் கௌரவிக்க வைத்த பெயர் அது. பெயர் கிடைத்த அதே ஆண்டு சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அதை அழிவின் விளிம்பில் உள்ள இனமாகப் பட்டியலிட்டது.

அதற்கு முன்பே முகாம்கள் போய்விட்டன. 1987ல் காவிரி வனவிலங்குச் சரணாலயம் அறிவிக்கப்பட்டிருந்தது. சரணாலயத்துக்குள் தூண்டில் போடுவதும் வேட்டைதான் என்று சட்டத்துக்குப் பொருள் கொள்ளப்பட்டதால் 2012ல் கழிகளைச் சுருட்டினார்கள். சட்டத்தின் எழுத்துப்படி அது சரியே. ஆனால் காவலுக்கு இருந்த ஆட்களும் எண்ணிக்கைக் குறிப்பேடும் அதோடு சேர்ந்து போயின என்பது ஆய்வாளர்களின் புகார். அவர்கள் 2013லேயே தூண்டில் விளையாட்டின் நன்மையைப் பற்றி எழுதிவிட்டார்கள். பீமேஸ்வரியில் இப்போது வரும் விருந்தினர்களுக்குப் பரிசல் சவாரியும் கம்பியில் தொங்கிப் பறப்பதும் உண்டு.

திமில் மீனின் தேடல் இன்று தமிழ்நாட்டுப் பக்கம், நீலகிரிக்குக் கீழே மோயாற்றில் அதிகம் நடக்கிறது. பழைய முகாம்களின் காவிரிக் கரையிலோ கர்நாடகம் கட்ட நினைக்கும் மேகேதாட்டு அணையின் பேச்சு. அதில் தமிழர்கள் 67.16 டிஎம்சி என்ற கொள்ளளவு எண்ணை மனப்பாடம் செய்திருக்கிறார்கள். திட்ட அறிக்கையின்படி அந்த நீர்த்தேக்கத்தில் மூழ்கும் ஏறக்குறைய ஐயாயிரம் ஹெக்டேரில் பெரும்பகுதி சரணாலயக் காடு. சங்கமத்துக்கு மேலே, களி உருண்டைகளைப் போட்டுக் காத்திருந்த மடுக்கள் இருப்பதும் அந்தக் காட்டின் நடுவில்தான்.