கோயில் மண்டபத்தில் ஏன் இத்தனை தூண்கள்?

எங்கள் ஊர் திருக்கடையூர். அறுபதாம் கல்யாணம், எண்பதாம் கல்யாணம் செய்ய வருகிறவர்கள் "நடுவில் இவ்வளவு தூண் எதற்கு, இடத்தை அடைக்கிறதே" என்று சலித்துக்கொள்வது உண்டு. நியாயமான கேள்விதான். பதில் கல்லின் குணத்தில் இருக்கிறது.

நான் படிப்பது வணிகவியல். ஒரு கம்பெனியின் மொத்த லாபத்தை மட்டும் பார்த்தால் போதாது, ஒரு பங்குக்கு எவ்வளவு என்று பார்க்க வேண்டும் என்பார்கள். பொருள்களின் வலிமையிலும் அதே கணக்குதான். மொத்தப் பாரத்தை, அதைத் தாங்கும் பரப்பால் வகுத்தால் கிடைப்பது தகைவு. இதை 1822-ல் தெளிவாக வரையறுத்தவர் பிரெஞ்சுக் கணித மேதை கோஷி.

தஞ்சைப் பெரிய கோயிலை எடுத்துக்கொள்வோம். ராஜராஜ சோழன் 1010-ல் கட்டி முடித்த அதன் விமானம் ஏறத்தாழ 200 அடி, அதாவது 60 மீட்டர். ஒரு கன மீட்டர் கருங்கல் சுமார் 2.7 டன். 60 மீட்டர் உயரத்துக்கு ஒரே கல்தூணை நிறுத்தினால், அடியில் ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 16 கிலோ பாரம் இறங்கும். நல்ல கருங்கல்லோ 1000 கிலோவுக்கு மேல் தாங்கும்! நசுங்கிவிடுமோ என்ற பயமே இல்லை.

ஆனால் கல்லுக்கு ஒரு பலவீனம் உண்டு. அழுத்தினால் தாங்கும், இழுத்தால் தாங்காது. ஒரு சாக்பீஸை நிமிர்த்தி வைத்து அழுத்திப் பாருங்கள், நிற்கும். இரண்டு கையால் வளைத்தால் பட்டென்று ஒடியும். வளையும்போது ஒரு பக்கம் நெருங்குகிறது, மறுபக்கம் இழுபடுகிறது. இழுபடும் பக்கத்தில்தான் விரிசல் தொடங்கும்.

மண்டபத்தின் கல் உத்தரமும் அப்படித்தான். தன் பாரத்தாலேயே லேசாக வளைந்து, அடிப்பக்கம் இழுபடுகிறது. அதே கனமுள்ள உத்தரத்தை இரண்டு மடங்கு நீளமாகப் போட்டால், இந்த இழுவைத் தகைவு நான்கு மடங்காகிவிடும். அதனால்தான் தூண்களை நெருக்கி நட்டார்கள். தூணின் தலையில் இருபுறமும் நீட்டிக்கொண்டிருக்கும் போதிகையும் வெறும் அழகுக்கு இல்லை. உத்தரம் அந்தரத்தில் நிற்கும் தூரத்தை அது குறைக்கிறது. பெரிய கோயில் விமானத்தின் உள்ளே கூடு. அங்கே நீண்ட உத்தரம் போடாமல், அடுக்குக்கு அடுக்கு கல்லைச் சற்று உள்ளே தள்ளி வைத்து மேலே போய் மூடினார்கள்.

பக்கத்துத் தரங்கம்பாடியில் 1620-ல் டென்மார்க்காரர்கள் கோட்டை கட்டினார்கள். அங்கே வளைவுக் கூரைகளைப் பார்க்கலாம். வளைவு, பாரத்தை அழுத்தமாக மாற்றிச் சுவருக்கு அனுப்பிவிடும். இன்றைய கான்கிரீட்டில் இழுவையைத் தாங்கத்தான் கம்பி கட்டுகிறோம்.

1638-ல் வெளிவந்த நூலில் கலிலியோ ஒரு சம்பவம் சொல்கிறார். இரண்டு முட்டுகளின் மேல் ஒரு பளிங்குத் தூணைப் படுக்க வைத்திருந்தார்கள். நடுவில் ஒடியலாம் என்று பயந்து அங்கே மூன்றாவது முட்டு கொடுத்தார்கள். சில மாதங்களில் தூண் சரியாக அந்த இடத்திலேயே ஒடிந்தது! ஓரத்து முட்டு ஒன்று இற்றுப்போய் இறங்கியிருந்தது. அந்தப் பாதித் தூண் அந்தரத்தில் தொங்க, நடு முட்டுக்கு நேர் மேலே இழுவை கூடிவிட்டது.

நல்லெண்ணம் மட்டும் போதாது என்பதே இதன் பாடம். டெல்டாவில் ஊருக்கு ஊர் பழைய கோயில்கள். திருப்பணி என்று பழைய கல்கூரை மேல் கான்கிரீட் ஏற்றுவதற்கு முன்பும், இடம் போதவில்லை என்று தூணை எடுப்பதற்கு முன்பும், பாரம் எந்த வழியாக இறங்குகிறது என்று விவரம் தெரிந்தவர்களிடம் கேட்க வேண்டும். உடைந்த கல்லை ஒட்டவைத்தாலும் பழைய பலம் முழுதாகத் திரும்பும் என்று நம்பியிருக்க முடியாது.