கழுகுமலைப் பள்ளியும் வெட்டுவான் கோயிலும்

பாண்டிநாட்டின் தென்பகுதியில் எப்போதும்வென்றான் என்பது ஓர் ஊர்ப்பெயர். ஊரைச் சூழ்ந்து கிடப்பது வானம் பார்த்த கரிசல். பருத்தியும் கம்பும் சோளமும் அதன் செல்வம். அவ்வூரினின்று வடமேற்கே கோவில்பட்டியை அடைந்து, அங்கிருந்து மேற்கே ஏறத்தாழ 20 கிலோமீட்டர் செல்வார்க்குச் சமநிலத்தினிடையே தனித்தெழுந்த பாறைக்குன்றொன்று புலப்படும். அதுவே கழுகுமலை. சமயவரலாற்றில் எப்போதும் வென்றார் எவர் என்னும் வினாவுக்கு இக்குன்று தரும் விடை, கேட்டுப் பழகிய கதையோடு முற்றும் ஒத்ததன்று.

குன்றின் அடியில் முருகப்பெருமான் குடைவரையில் கழுகாசலமூர்த்தியாய் எழுந்தருளியிருத்தலையும், சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார் அப்பெருமான்மேற் காவடிச்சிந்து பாடியதையும் அறியாதார் இலர். மேலே ஏறுவார் காண்பது வெட்டுவான் கோயில். பாறையை ஏறத்தாழ 25 அடி ஆழம் வெட்டியெடுத்து, நடுவே நின்ற ஒற்றைக் கல்லை விமானமாகச் செதுக்கியிருக்கின்றனர். எட்டாம் நூற்றாண்டின் பாண்டியர் பணி இஃது என்பர். மத்தளம் வாசிக்கும் தட்சிணாமூர்த்தியின் திருவுருவம் இங்குள்ளது. மோனத்தால் உணர்த்தும் குருமூர்த்தியைக் கையில் மத்தளத்தோடு காண்பது அரிய காட்சியன்றோ! மேற்பகுதி முற்றுப்பெற்றது, அடிப்பகுதி பாறையாகவே நின்றுவிட்டது. தந்தையும் மகனுமாகிய சிற்பியரிடைப் பகை மூண்டு பணி நின்றதென்று ஊரார் கூறுவர். சிற்பி கைவிட்ட கோயில்தோறும் இத்தகைய கதை ஒன்று பிறந்துவிடுகிறது.

இக்குன்றிலேயே சமணப்பள்ளியும் இருந்தது. தீர்த்தங்கரர் உருவங்கள் பாறையில் வரிசை வரிசையாகப் பொறிக்கப்பட்டுள்ளன. பார்சுவநாதரைத் தாக்கக் கல்லெடுத்து நிற்கும் கமடனும், கொடி படர்ந்த பாகுபலியும், அம்பிகை, பதுமாவதி என்னும் இயக்கியரும் சிறந்த உளிவேலை. உருவங்களின் கீழ் ஏறத்தாழ 100 வட்டெழுத்துக் கல்வெட்டுக்கள் உள. இன்னார் இன்ன உருவத்தைச் செய்வித்தார் என்பதே அவற்றிற் பலவற்றின் செய்தி. செய்வித்தோர் மன்னர் மட்டும் அல்லர். உழவரும் கைத்தொழிலாளரும் உளர். குரத்தியார் எனப்பட்ட பெண்துறவியரின் பெயர்களும் பல. மிழலூர்க் குரத்தியார் ஒருவர். திருச்சாரணத்துக் குரத்தியார் மற்றொருவர். திருச்சாரணம் என்பது குமரி மாவட்டத்துச் சிதறால் மலை. அத்துணைத் தொலைவிலிருந்தும் இப்பள்ளிக்குத் தொடர்பு இருந்தது. மாணாக்கரையுடைய ஆசிரியராகப் பெண்டிர் விளங்கிய துறவுநிலையம் இது. நம் மடங்களின் குருமரபுப் பட்டியல்களை ஓதுவார் இதனைச் சற்றே நின்று எண்ணுவது தகும். இங்குள்ள கல்வெட்டொன்று சித்தாந்தம் உரைக்கும் துறவியர்க்கு ஊணளிக்க நிலம் விட்டதைக் கூறுகிறது. சித்தாந்தம் என்னுஞ் சொல் நமக்கே உரியதென்று எண்ணுவார்க்கு அக்கல்லெழுத்து வியப்பளிக்கும். அங்கு உரைக்கப்பட்டது அருகன் நெறியின் முடிந்த பொருள்.

இனிக் காலத்தை நோக்குக. ஆளுடைய பிள்ளையார் மதுரைக்கு எழுந்தருளி, அனல்வாதத்திலும் புனல்வாதத்திலும் வென்று, நின்றசீர் நெடுமாறனைத் திருநீற்று நெறியில் நிறுத்தியது ஏழாம் நூற்றாண்டில் என்பது ஆராய்ச்சியாளர் பலர்க்கும் உடன்பாடு. கழுகுமலைக் கல்வெட்டுக்களோ எட்டாம் ஒன்பதாம் நூற்றாண்டுகளைச் சார்ந்தன. மாறஞ்சடையன் என்னும் பெயருடைய பாண்டியர் ஆண்ட காலத்தன. எண்ணாயிரவர் கழுவேறியதோடு பாண்டிநாட்டிற் சமணம் மாய்ந்ததென்று சொற்பொழிவு மேடைகளிற் கேட்பது உண்மையாயின், நூறாண்டுக்குப் பின்னும் அதே நாட்டில், அதே குலத்து அரசரின் கீழ், இத்துணைப் பேர் அருகன் உருவங்களைச் செய்வித்தது எங்ஙனம்? கழுவேற்றத்தைக் கூறும் சமகாலக் கல்வெட்டோ செப்பேடோ இல்லை. அதனை விரித்துரைக்கும் சேக்கிழார் பெருமான் பன்னிரண்டாம் நூற்றாண்டினர். இதனாற் பிள்ளையாரின் பெருமைக்குக் குறைவு யாதும் இல்லை. ஏடு தீயில் வேவாமையும் வைகையை எதிர்த்துச் சென்றமையுமே அன்பர் நெஞ்சில் நிற்கும் வெற்றி. அதற்குக் கழுமரம் துணையாக வேண்டுவதன்று. வெட்டுவான் கோயிலைச் செதுக்கியோர் அருகிருந்த பள்ளியை அழிக்கவில்லை. எல்லோராவிலும் கைலாசநாதர் கோயிலுக்கு அப்பால் சமணக் குடைவரைகள் இன்றும் நிற்கின்றன.

நாவுக்கரசர் பெருமானே பாடலிபுத்திரத்துச் சமணப்பள்ளியில் தருமசேனராய் இருந்து கற்றவர். பின்னாளிலும் இவ்வுறவு அற்றதன்று. பவணந்தி முனிவரின் நன்னூலுக்குத் திருநெல்வேலிச் சங்கரநமச்சிவாயர் உரை கண்டார். திருவாவடுதுறை ஆதீனத்துச் சிவஞான முனிவர் அவ்வுரையைத் திருத்தி விரித்தார். அவ்வாதீனத்திலே பயின்ற உ. வே. சாமிநாதையர் 1887-இல் சீவகசிந்தாமணியை அச்சிட்டபோது, கும்பகோணத்துச் சைனரிடம் பொருள் கேட்டுத் தெளிந்தார். சைவமடத்து மாணவர்க்குச் சமணக் காப்பியத்தின் கதவைத் திறந்தவர் சமணரே.

பள்ளி என்னுஞ் சொல் துறவியர் உறையுளைக் குறித்துப் பின்னர்க் கல்விநிலையத்திற்கு ஆயிற்று. கழுகுமலையில் இன்று துறவியரும் இலர், மாணாக்கரும் இலர். வெட்டுவான் கோயிலும் சமணச் சிற்பங்களும் தமிழக அரசின் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளன. கல்லூரி மாணவரும் சிற்பம் பயில்வோரும் வந்து காண்கின்றனர். கழுகாசலமூர்த்தியைத் தொழுது மலையேறும் சைவ அன்பர், வெட்டுவான் கோயிலைக் கண்டதோடு இறங்கிவிடாது, தீர்த்தங்கரர் வரிசை வரைக்கும் செல்க. அருகே ஐயனாருக்கு ஒரு கோயில் இருக்கிறது. ஊரார் வழிபடுகின்றனர்.