ஆதுலசாலை முதல் போதை மீட்பு முகாம் வரை: தமிழகத்தில் போதைச் சிகிச்சை வளர்ந்த வரலாறு

முன்னுரை

போதையை அரசு மூன்று வழிகளில் கையாண்டிருக்கிறது: வரி விதித்தது, தடை செய்தது, சிகிச்சை அளித்தது. முதல் இரண்டுக்கும் சோழர் காலத்திலேயே சான்றுகள் உண்டு. மூன்றாவது தமிழகத்தில் வேரூன்றி அரை நூற்றாண்டுகூட ஆகவில்லை. இந்தத் தாமதம் ஏன் நேர்ந்தது, இன்று அரியலூர், பெரம்பலூர் வட்டாரத்துக்கு அதன் பொருள் என்ன என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

சோழர் காலம்

சோழர் வரிப்பெயர்களுள் 'ஈழம்பூட்சி' என்பது கள் இறக்குவோரிடம் பெற்ற வரி. அதே காலத்துச் செப்பேடுகள் சில, தானமாக அளித்த ஊர்களில் தென்னையிலும் பனையிலும் கள் இறக்கும் ஈழவர் ஏறலாகாது என்று விதிக்கின்றன. ஓரிடத்தில் வருவாய், வேறோரிடத்தில் தடை என்னும் இரட்டை நிலை அன்றே இருந்தது.

கங்கைகொண்ட சோழபுரத்தைத் தலைநகராகக் கொண்டு ஆண்ட வீரராசேந்திரன் காலத்தில் மருத்துவமும் அறக்கொடையாக நடந்தது. காஞ்சிபுரம் அருகே திருமுக்கூடல் கோயிலில் உள்ள அவனது கல்வெட்டு, 15 படுக்கைகள் கொண்ட 'வீரசோழன்' என்னும் ஆதுலசாலையை, அதாவது மருத்துவமனையைக் குறிக்கிறது. மருத்துவர், அறுவை மருத்துவர், மூலிகை கொணர்வோர், பணிப்பெண்கள் ஆகியோரின் ஊதியமும், இருப்பில் வைக்க வேண்டிய மருந்துகளும் அதில் உள்ளன. ஆயினும் போதைப் பழக்கம் அங்கே நோயாகக் கருதப்பட்டதற்குச் சான்று இல்லை. சித்த மருத்துவம் அபினையும் கஞ்சாவையும் சுத்தி செய்து மருந்தில் சேர்த்தது. அவை மருந்தாகும் என்பதை நம் மரபு அறிந்திருந்தது. அவற்றுக்கு அடிமையானவருக்கென்று தனி மருத்துவமனை எழவில்லை.

வருவாயும் விலக்கும்

ஆங்கிலேயர் ஆட்சி போதையைப் பெரும் வருவாயாக்கியது. 1878-ஆம் ஆண்டு அபின் சட்டமும் 1886-ஆம் ஆண்டு சென்னை ஆப்காரி (மது வரி)ச் சட்டமும் விற்பனையை உரிமக் கடைகளுக்குள் கொண்டுவந்தன. 1893–94இல் விசாரணை நடத்திய இந்தியக் கஞ்சா ஆணையம், அளவான பயன்பாட்டால் பெருந்தீங்கு இல்லை என்றும், முழுத்தடையைவிட வரியும் கட்டுப்பாடும் போதும் என்றும் முடிவு கூறியது. அடிமையானவருக்கு என்ன செய்வது என்பது அன்றைய கொள்கையின் மையத்தில் இல்லை.

அதற்கு எதிர்வினையாகவே மதுவிலக்கு வந்தது. இராஜாஜி அரசு 1937 அக்டோபர் 1 அன்று சேலம் மாவட்டத்தில் அதைத் தொடங்கியது. 1948இல் ஓமந்தூரார் ஆட்சியில் அது மாகாணம் முழுவதும் பரவியது. 1971இல் விலக்கு தளர்ந்தது. பின்னர் கடைகள் மூடப்பட்டும் திறக்கப்பட்டும் வந்தன. 1983இல் மொத்த விற்பனைக்கென டாஸ்மாக் என்னும் அரசு நிறுவனம் நிறுவப்பட்டது. 2003 முதல் சில்லறை விற்பனையும் அதன் கைக்கு வந்தது. இத்தனை மாற்றங்களிலும் விவாதம் கடையைப் பற்றியதாகவே இருந்தது. குடிநோயாளியைப் பற்றியதாக இல்லை.

அபின், கஞ்சா, ஹெராயின் போன்றவற்றை 1985 நவம்பரில் நடைமுறைக்கு வந்த போதைப்பொருள் மற்றும் மனமயக்கப் பொருள்கள் சட்டம் ஒரே குடையின்கீழ் கொண்டுவந்தது. கடும் தண்டனைகளுக்குப் பெயர்பெற்ற இச்சட்டத்திலேயே சிகிச்சைக்கும் வழி உண்டு. தண்டனைக்குப் பதிலாகச் சிகிச்சைக்கு அனுப்ப 39-ஆம் பிரிவு நீதிமன்றத்துக்கு இடமளிக்கிறது. சிறிய அளவு வைத்திருந்தவர் அல்லது உட்கொண்டவர், போதைக்கு அடிமையானவராக இருந்து, தாமே முன்வந்து அங்கீகரிக்கப்பட்ட இடத்தில் முழுச் சிகிச்சை பெற்றால், வழக்கிலிருந்து 64ஏ பிரிவு விலக்களிக்கிறது. அடிமையானவரை நோயாளியாகவும் காண வேண்டும் என்று சட்டமே ஒப்புக்கொண்ட இடம் இது.

நோயென அறிந்த காலம்

ஹெராயினும் அபின் வகை வலிமாத்திரைகளும் மூளையின் ஓபியாய்டு ஏற்பிகளில் பற்றி, டோபமைனைப் பெருக்கி இன்பம் தருகின்றன. நாளடைவில் அதே இன்பத்துக்கு அதிக அளவு தேவைப்படுகிறது. நிறுத்தினால் உடல்வலி, வாந்தி, வயிற்றுப்போக்கு, தூக்கமின்மை வாட்டுகின்றன. அளவு மீறினால் மூச்சே நின்றுவிடும். கஞ்சா நினைவாற்றலையும் கவனத்தையும் குறைக்கிறது; இளவயதில் தொடங்கியவர் சிலருக்கு மனச்சிதைவைத் தூண்டுகிறது. நெடுநாள் குடித்தவர் திடீரென நிறுத்தினால் கைநடுக்கம், வலிப்பு, பிதற்றல் வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். ஆகவே 'மனம் வைத்தால் விட்டுவிடலாம்' என்ற அறிவுரை மட்டும் போதாது. முதலில் மருத்துவர் துணையோடு நஞ்சு நீக்கம், பின் மனநல ஆலோசனை, குடும்பத்தின் பங்கேற்பு, தொடர் கண்காணிப்பு என்பதே இன்றைய முறை. ஓபியாய்டு அடிமைக்குப் புப்ரினார்ஃபினும் மெத்தடோனும் பயன்படுகின்றன. மீண்டும் விழுவது இந்நோயின் இயல்பு. அதனால் சிகிச்சை தோற்றதாகக் கொள்ளக்கூடாது.

இப்பார்வையைத் தமிழகத்தில் நிலைநாட்டியவர்களுள் முதன்மையானவர் சாந்தி ரங்கநாதன். கணவரைக் குடிநோய்க்குப் பறிகொடுத்த அவர், 1980இல் சென்னையில் டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்தைத் தொடங்கினார். அந்நிறுவனம் 1989 முதல் கொள்ளிடத்துக்குத் தெற்கே, இன்றைய திருவாரூர் மாவட்டத்து மஞ்சக்குடியில், 15 நாள் சிகிச்சை முகாம்களை நடத்தியது. நகரத்து மருத்துவமனையை நோயாளி தேடிப் போகாமல், அவர் வாழும் பகுதிக்கே சிகிச்சை வந்தது. ஊர்ப் பெரியவர்களும் குடும்பத்தாரும் உடன் நின்றனர். கூலிக்காரக் குடும்பம் சிகிச்சையைத் தவிர்ப்பதற்கு இருக்கும் இரு தடைகளான செலவையும் தொலைவையும் இது குறைத்தது.

அரசுத் துறையில், 1996இல் தேசிய அளவில் மாவட்ட மனநலத் திட்டம் தொடங்கிய நான்கு மாவட்டங்களுள் திருச்சிராப்பள்ளியும் ஒன்று. அதற்குச் சற்று முன்னர்தான் திருச்சிராப்பள்ளியிலிருந்து பெரம்பலூர் பிரிந்திருந்தது. 2007இல் அரியலூர் தனி மாவட்டமாக நிலைபெற்றது. 2022 ஜனவரியில் அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது.

ஆயினும் தேவைக்கும் சிகிச்சைக்கும் இடையிலான இடைவெளி இன்னும் பெரிது. 2019இல் வெளியான தேசிய ஆய்வின்படி, மதுவுக்கு அடிமையான 38 பேரில் ஒருவரே ஏதேனும் சிகிச்சை பெற்றுள்ளார். உள்நோயாளியாகச் சிகிச்சை பெற்றவர் 180 பேரில் ஒருவர். ஓபியாய்டு பயன்படுத்துவோர் நாட்டில் சுமார் 2.26 கோடி.

முடிவுரை

வரியும் தடையும் போதைப்பொருளை நோக்கியவை. சிகிச்சை மனிதரை நோக்கியது. ஆயிரமாண்டு வரலாற்றில் மனிதர் கடைசியாகவே கவனிக்கப்பட்டார். ஜெயங்கொண்டம், ஆண்டிமடம், செந்துறை முந்திரிக் காட்டு ஊர்களிலும் அரியலூர் சிமென்ட் ஆலைப் பகுதியிலும் மஞ்சக்குடி போன்ற முகாம்கள் நடக்க வேண்டும். மருத்துவக் கல்லூரி அவற்றுக்குத் துணை நிற்கட்டும். 64ஏ பிரிவைக் காவல் நிலையங்களும் பள்ளிகளும் மக்களுக்கு எடுத்துச் சொல்லட்டும். வீட்டில் ஒருவர் தவித்தால் ஒளிக்காதீர்கள். கட்டணமில்லாத் தேசிய உதவி எண் 14446-ஐ அழையுங்கள். அவரைக் குற்றவாளியாக்கும் முன் நோயாளியாக மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.